கரியமில வாயுவின் பக்கம் நின்று

மேல்நிலை வகுப்புகளுக்குத் தாவரவியல் கற்பிக்கும் எனக்கு ஓர் அட்டவணையின் மேல் தீராத கோபம் உண்டு. இடப்பக்கம் ஒளிச்சேர்க்கை, வலப்பக்கம் சுவாசம். அது பகலில் நடக்கும். இது இரவும் பகலும் நடக்கும். அது கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்டு ஆக்சிஜனை விடும். இது ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கார்பன் டை ஆக்சைடைக் கழிவாக வெளியேற்றும். அதில் ஆற்றல் சேமிக்கப்படுகிறது, இதில் செலவாகிறது. ஐந்து மதிப்பெண் வினா. பிள்ளைகள் ஒரு வரி பிசகாமல் எழுதிவிடுகிறார்கள். எழுதி முடித்த கையோடு, செடியின் செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்குள் சுவாசம் நடக்கும் நுண்ணுறுப்பு) உண்டா என்று கேட்டால் நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்கூடத் தயங்குகிறார்கள். செடி ஒளிச்சேர்க்கை செய்யும், விலங்கு சுவாசிக்கும் என்று பிரித்துவிடுகிறது அந்த நடுக்கோடு. செடியும் இரவு பகலாகச் சுவாசிக்கிறது என்ற எளிய செய்தி கோட்டுக்கு அடியில் காணாமல் போகிறது.

உடல் தன் உள்நிலையை எப்படிச் சீராக வைத்துக்கொள்கிறது என்பது வேறொரு பாடம், வேறொரு புத்தகம், பெரும்பாலும் வேறோர் ஆசிரியர். நான் இலையோடு விடைபெறுவேன், விலங்கியல் ஆசிரியர் சிறுநீரகத்தோடு வருவார். மூன்று பாடங்களிலும் ஊடாடி நிற்கும் பொருள் ஒன்று இருக்கிறது. அதைத்தான் நாம் கழிவு என்று ஓரத்தில் தள்ளிவைக்கிறோம்.

அந்தக் கார்பன் டை ஆக்சைடு, அதாவது கரியமில வாயு, நம் உடலை விட்டு வெளியேறுகிறது என்பதில் எனக்கு மறுப்பில்லை. சும்மா படுத்திருக்கும் ஒருவரிடமிருந்தே நிமிடத்துக்கு ஏறக்குறைய 200 மில்லிலிட்டர் வெளியேறுகிறது. ஆனால் மருத்துவமனையில் தமனி இரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள்: அதில் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் 35-க்கும் 45-க்கும் இடைப்பட்ட மில்லிமீட்டர் பாதரச அளவில் இருக்கும். தூங்கினாலும், சாப்பிட்டாலும், மாடிப்படி ஏறினாலும் 40-ஐ ஒட்டியே நிற்கும். அது கூடினால் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. இவ்வளவு கவனமாக உள்ளே அளந்து வைத்துக்கொள்ளும் ஒன்றை வேண்டாத பொருள் என்று எப்படி எழுதச் சொல்வது? அந்த வாயுவின் பக்கம் நின்று பேசத்தான் இந்தக் கட்டுரை.

மரத்திலிருந்து தொடங்குகிறேன், அது என் பாடம் என்பதால்.

பள்ளி வாசலில் நிற்கும் வேப்பமரத்தைக் காட்டி, இத்தனை எடையும் எங்கிருந்து வந்தது என்று ஒவ்வோர் ஆண்டும் கேட்கிறேன். மண்ணிலிருந்து என்பார்கள், தண்ணீரிலிருந்து என்பார்கள், உரம் என்பார்கள். காற்றிலிருந்து என்ற விடை அரிதாகவே வருகிறது. ஒளிச்சேர்க்கையின் சமன்பாட்டை மனப்பாடமாக எழுதத் தெரிந்த பிள்ளைகளுக்கும் அது தோன்றுவதில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. மண்ணைச் சந்தேகித்த முதல் ஆள் என்று நாம் கொண்டாடும் யான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மாண்டுக்கே அது தோன்றவில்லை.

இன்றைய பெல்ஜியத்தில் வாழ்ந்த அவர், உலர்த்திய மண் 200 பவுண்டு நிறுத்துத் தொட்டியில் போட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்று ஒன்றை நட்டார். மழைநீரோ வடித்த நீரோ மட்டுமே ஊற்றி ஐந்து ஆண்டு வளர்த்தார். மரம் 169 பவுண்டு ஆனது. மண்ணை மறுபடி உலர்த்தி நிறுத்தால் இரண்டு அவுன்ஸ் போலத்தான் குறைந்திருந்தது. ஆகவே மரம் முழுவதும் தண்ணீரால் ஆனது என்று முடிவு கட்டினார். அவர் இறந்த பிறகு 1648-இல் அது அச்சில் வந்தது.

என்னைப் பல நாள் வாட்டிய செய்தி ஒன்று உண்டு. இதே மனிதர்தான் வாயு என்ற கருத்தையே அறிவியலுக்குத் தந்தவர். 62 பவுண்டு மரக்கரியை எரித்து, ஒரு பவுண்டு சாம்பல்தான் மிஞ்சியது என்று கண்டு, மீதி 61 பவுண்டும் கண்ணுக்குத் தெரியாத ஒன்றாகப் பறந்துவிட்டது என்று எழுதினார். அப்படிப் பறந்ததைத்தான் நாம் கரியமில வாயு என்கிறோம். மரத்தை எரித்தால் எது வெளியேறுகிறதோ அது உள்ளே போயிருக்க வேண்டும் அல்லவா? விடையின் இரண்டு பாதிகளும் அவர் கைகளில் இருந்தன. இரண்டையும் அவர் சேர்த்துப் பார்க்கவில்லை. உலர்ந்த விறகின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். அத்தனையும் காற்றிலிருந்து வந்தது. காற்றில் அந்த வாயு இருக்கும் அளவோ சுமார் 0.04 சதவீதம். பத்தாயிரம் மூலக்கூறுகளில் நான்கைத் தேடிப் பிடித்துத்தான் ஒரு வேப்பமரம் நிற்கிறது.

அடுத்த நூற்றாண்டு முழுவதும் இந்தக் காற்றைப் பிரித்துப் பார்ப்பதிலேயே போனது. ஜோசப் பிளாக் தன் மூச்சைச் சுண்ணாம்புத் தெளிநீரில் ஊதி, அது பால்போல் கலங்குவதைக் காட்டினார். இன்றும் நாங்கள் ஆய்வகத்தில் அதைத்தான் செய்கிறோம். 1771-இல் ஜோசப் பிரீஸ்ட்லி, மெழுகுவத்தி எரிந்து அணைந்த காற்றில் ஒரு புதினாத் தண்டை வைத்தார். சில நாளில் அந்தக் காற்றில் மறுபடி மெழுகுவத்தி எரிந்தது. 1779-இல் டச்சு மருத்துவர் யான் இங்கன்ஹவுஸ் லண்டனுக்கு அருகே ஒரு கோடைக்காலம் முழுவதும் நூற்றுக்கணக்கான சோதனைகள் செய்து, பச்சைப் பகுதியும் ஒளியும் இருந்தால்தான் இது நடக்கும் என்று நிறுவினார். இருட்டில் செடி காற்றைக் கெடுக்கிறது என்றும் அவர் எழுதினார்.

அந்த ஒரு வரி இரண்டு நூற்றாண்டு தாண்டி நம் கைப்பேசிகளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. புளியமரத்தடியில் இரவில் படுத்தால் பேய் அமுக்கும் என்று பாட்டி சொன்னதற்கு "அறிவியல் காரணம்" இதுதான் என்று வாட்ஸ்அப்பில் செய்தி சுற்றுகிறது: மரம் இரவில் கரியமில வாயுவை விடுகிறது, அது நெஞ்சை அடைக்கிறது. கூடவே இன்னொன்றும் வரும்: அரசமரம் இருபத்து நான்கு மணி நேரமும் ஆக்சிஜன் தரும், அதனால்தான் அதைச் சுற்றி வருகிறோம். இரண்டும் தவறு. பாட்டி சொன்னதற்குக் காரணம் வேறு எதுவாகவும் இருக்கலாம். அது கரியமில வாயு அல்ல. இரவில் இலைகள் சுவாசிப்பதால் வெளியேறும் வாயு திறந்தவெளியில் உடனுக்குடன் கலந்து போய்விடும். மூடிய அறையில் நம் அருகே படுத்திருக்கும் மனிதர் விடும் மூச்சோடு ஒப்பிட்டால் சன்னலோரத்துப் பூந்தொட்டி விடுவது ஒன்றுமே இல்லை. செடியைக் கண்டு அஞ்சுகிறவர்கள் யாரும் மனிதரை அறையை விட்டு வெளியே அனுப்புவதில்லை.

அரசமரச் செய்தி தவறு என்பதற்கு இன்னும் ஆழமான காரணம் இருக்கிறது. அதைச் சொல்ல 1941-க்கு வர வேண்டும். கலிபோர்னியாவில் சாமுவேல் ரூபன், மார்ட்டின் கேமன் ஆகியோர் குழு, கனமான ஆக்சிஜன் அணுக்களைக் கொண்ட தண்ணீரைக் குளோரெல்லா என்ற பாசிக்குக் கொடுத்தது. பாசி வெளியிட்ட ஆக்சிஜனில் அந்தக் கனமான அணுக்கள் இருந்தன. கனமான அணுக்களைக் கார்பன் டை ஆக்சைடின் வழியே கொடுத்தபோது, வெளிவந்த ஆக்சிஜனில் அவை சேரவில்லை. அதாவது செடி விடும் ஆக்சிஜன் கரியமில வாயுவைப் பிளந்து வருவதன்று; தண்ணீரைப் பிளந்து வருவது. தண்ணீரைப் பிளக்க ஒளி வேண்டும். ஒளி இல்லாத நேரத்தில் எந்தச் செடியும், எவ்வளவு புனிதமான மரமும், ஆக்சிஜன் விட வழியே இல்லை. கற்றாழையும் சப்பாத்திக்கள்ளியும் அன்னாசியும் இரவில் இலைத்துளைகளைத் திறந்து கார்பன் டை ஆக்சைடை எடுத்துச் சேமிக்கின்றன என்பது உண்மை. அவையும் இருட்டில் ஆக்சிஜனை வெளியிடுவதில்லை.

இலைத்துளை என்றதும் சொல்லாமல் விட முடியாத ஒன்று. சீர்நிலை காப்பதை விலங்குகளின் சொத்தாக நாம் எழுதிவைத்திருக்கிறோம். ஒவ்வோர் இலைத்துளையும் அன்றாடம் அந்தக் கணக்கைத்தான் போடுகிறது. திறந்தால் கார்பன் டை ஆக்சைடு உள்ளே வரும். அதே வாசலில் நீர் ஆவியாக வெளியே போகும். வேரில் ஈரம் குறைந்தால் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் மூலம் துளையைச் சூழ்ந்த காப்புச் செல்களுக்குச் செய்தி போய், துளை மூடிக்கொள்ளும். சித்திரை வெயிலில் நண்பகலில் பல பயிர்கள் வாசலை அடைத்துக்கொண்டு பசியோடு நிற்கின்றன.

உள்ளே வந்த வாயுவைப் பிடிக்கும் ரூபிஸ்கோ என்ற நொதியின் கதையும் அதே இழுபறிதான். பூமியில் மிகுதியாக உள்ள புரதங்களில் ஒன்று அது; ஆனால் நொடிக்கு மூன்று, நான்கு மூலக்கூறுகளைக் கையாள்வதற்குள் திணறுகிறது. அதோடு, அவ்வப்போது ஆள் மாறி ஆக்சிஜனைப் பிடித்துவிடுகிறது. பிடித்தால் செய்த வேலை வீணாகிறது. வெயில் ஏற ஏற இந்தத் தவறு மிகும். நெல் இதைச் சகித்துக்கொண்டு வாழ்கிறது. கரும்பும் சோளமும் கம்பும் கேழ்வரகும் சகித்துக்கொள்ளவில்லை. கார்பன் டை ஆக்சைடை வெளிப்புறச் செல்களில் வேறொரு நொதியால் பிடித்து, உட்புறச் செல்களுக்குள் குவித்து, அங்கே ரூபிஸ்கோவைச் சுற்றிலும் அது தவிர வேறு எதுவும் அதிகம் இல்லாதபடி பார்த்துக்கொள்கின்றன. கரும்பில் இந்த வழியை மார்ஷல் ஹாட்ச், ரோஜர் ஸ்லாக் இருவரும் ஆஸ்திரேலியாவில் 1966-இல் தெளிவாக்கினார்கள். சேலம், நாமக்கல் பக்கத்து மானாவாரிக் காடுகளில் சோளமும் கம்பும் ஏன் தாக்குப்பிடிக்கின்றன என்பதில் இதற்கும் பங்கு உண்டு: குறைந்த நேரம் துளை திறந்தாலும் போதிய கார்பன் கிடைத்துவிடுகிறது.

இனி அந்தச் சோளம் நம் வயிற்றுக்குள் போகிறது.

சுவாசம் ஒரு மெதுவான எரிதல் என்று சொன்னவர் பிரெஞ்சு வேதியியலாளர் லவோசியே. 1782-83 குளிர்காலத்தில் கணிதவியலாளர் லாப்லாசுடன் சேர்ந்து, ஒரு கினிப் பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்தில் வைத்து, எவ்வளவு பனி உருகியது, எவ்வளவு கரியமில வாயு வெளிவந்தது என்று அளந்து, கரி எரியும்போது வரும் கணக்கோடு ஒப்பிட்டார். கணக்கு நெருங்கி வந்தது. ஆனால் எங்கே எரிகிறது? அவர் நுரையீரல் என்று நினைத்தார். அது ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நடக்கிறது என்பது தெளிவாக இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

செல்லுக்குள் சர்க்கரை படிப்படியாக உடையும் பாதைகளான கிளைகாலிசிஸ், கிரெப்ஸ் சுழற்சி ஆகியவற்றின் படிகளை இங்கே அடுக்கப் போவதில்லை. பாடப்புத்தகம் அதை நன்றாகவே செய்கிறது. அந்தப் படிகளுக்குள் புதைந்து கிடக்கும் ஒரு செய்தியை மட்டும் வெளியே எடுத்து வைக்கிறேன். நாம் உள்ளிழுக்கும் ஆக்சிஜன், வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடாக மாறுவதாகத்தான் எல்லோரும் நினைக்கிறோம். கார்பன் டை ஆக்சைடு உருவாகும் படிகளில் சுவாசித்த ஆக்சிஜன் கலந்துகொள்வதே இல்லை. அங்கே உள்ள ஆக்சிஜன் அணுக்கள் உணவிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் வந்தவை. மூச்சில் உள்ளே போன ஆக்சிஜன் மைட்டோகாண்ட்ரியாவின் கடைசிப் படியில் காத்திருந்து, எலக்ட்ரான்களையும் ஹைட்ரஜனையும் ஏற்றுத் தண்ணீராகிறது.

இதை ரூபனும் கேமனும் கண்டதோடு பொருத்திப் பாருங்கள். இலையில் தண்ணீர் பிளந்து ஆக்சிஜன் ஆனது. நம் செல்லில் ஆக்சிஜன் திரும்பத் தண்ணீரானது. இலையில் கார்பன் டை ஆக்சைடு மாவுப்பொருள் ஆனது. நம் செல்லில் மாவுப்பொருள் திரும்பக் கார்பன் டை ஆக்சைடானது. இரண்டு தனித்தனி வட்டங்கள். ஒன்றில் ஆக்சிஜனும் தண்ணீரும், மற்றொன்றில் கார்பன். இரண்டுக்கும் நடுவே ஒளியிலிருந்து பெற்ற ஆற்றலோடு எலக்ட்ரான்கள் பயணம் செய்கின்றன. என் அட்டவணையில் இந்த அழகுக்கு ஒரு கட்டம்கூட இல்லை.

ஆற்றல் கைமாறும் விதமும் இரண்டு இடத்திலும் ஒன்றே. பீட்டர் மிட்செல் 1961-இல் இதைச் சொன்னபோது பெரும்பாலோர் ஏற்கவில்லை: எலக்ட்ரான்கள் பாயும்போது ஹைட்ரஜன் அயனிகள் ஒரு மெல்லிய சவ்வின் ஒரு பக்கத்துக்கு இறைக்கப்படுகின்றன, அவை மறுபக்கம் திரும்பி வரும் வேகத்தில்தான் செல் ஆற்றலைச் செலவழிக்கப் பயன்படுத்தும் ஏடிபி என்ற மூலக்கூறு உருவாகிறது என்றார். மேட்டூர் அணையில் தேக்கிய நீர் இறங்கும்போது சுழலியைச் சுற்றுகிறதே, அதே ஏற்பாடு. 1966-இல் ஆந்திரே யாகெண்டார்ஃப் கீரையின் பசுங்கணிகங்களிலிருந்து எடுத்த சவ்வுகளை அமிலத்தில் ஊறவைத்து, கும்மிருட்டில் காரக் கரைசலுக்கு மாற்றினார். ஒளியே இல்லாமல் ஏடிபி உண்டானது. மிட்செல் சொன்னது சரியென்று ஏற்கப்பட்டு 1978-இல் நோபல் பரிசு வந்தது. அந்தச் சவ்வில் பதிந்துள்ள நொதி உண்மையாகவே சுழல்கிறது. 1997-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதன்மேல் ஒளிரும் புரத இழையொன்றை ஒட்டி, நுண்ணோக்கியில் அது சுற்றுவதைப் பார்த்தார்கள். இலையிலும் நம் இதயத் தசையிலும் சுற்றுவது ஏறக்குறைய ஒரே இயந்திரம். ஒரு நாளில் நம் உடல் செய்து செலவழிக்கும் ஏடிபியின் எடை நம் உடல் எடைக்கு நெருங்கி வரும். ஒரு நேரத்தில் கையிருப்போ கால் கிலோவுக்கும் குறைவு.

எடை என்றதும் நினைவுக்கு வருகிறது. உடல் இளைத்தவர்களிடம் அந்தக் கொழுப்பு எங்கே போனது என்று கேட்டால் வியர்வை, மலம், சூடு என்று விடை வரும். ரூபன் மீர்மன், ஆண்ட்ரூ பிரவுன் இருவரும் 2014-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: 10 கிலோ கொழுப்பு கரைந்தால் 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடாக மூச்சில் போகிறது; 1.6 கிலோ நீராகிறது. அவர்கள் கேட்ட மருத்துவர்களிலேயே பெரும்பாலோருக்கு இது தெரிந்திருக்கவில்லை. வில்லோ மரக்கணக்கை அப்படியே தலைகீழாக்கினால் இதுதான். மரம் காற்றிலிருந்து பருக்கிறது. நாம் காற்றாகி இளைக்கிறோம்.

இப்படி நாள் முழுவதும் உண்டாகும் வாயு இரத்தத்தில் கலக்கும்போது அமிலமாகிறது. சோடாத் தண்ணீர் நாக்கில் சுருக்கென்று படுவதற்கும் இந்த அமிலம் காரணம். இரத்தத்தின் அமில-கார அளவான பிஎச் 7.35-க்கும் 7.45-க்கும் நடுவில் நிற்க வேண்டும். இதைக் காக்கும் முறை எனக்கு உடலியலிலேயே மிகப் பிடித்த பகுதி. அமிலம் தரும் கார்பன் டை ஆக்சைடையே அமிலத்தைச் சமாளிக்கும் கருவியாகவும் உடல் வைத்துக்கொண்டிருக்கிறது. தண்ணீரோடு சேர்ந்து அது பைகார்பனேட்டாக மாறுகிறது. வீட்டு ஆப்ப சோடாவில் உள்ள அதே பைகார்பனேட். சிவப்பணுக்களில் இருக்கும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி நொடிக்குச் சுமார் பத்து லட்சம் முறை இந்த மாற்றத்தைச் செய்யும். ரூபிஸ்கோவின் மூன்று, நான்கை நினைத்துக்கொள்ளுங்கள். இரத்தத்தில் போகும் கார்பன் டை ஆக்சைடில் ஏறக்குறைய 70 சதவீதம் இந்த வடிவில்தான் பயணம் செய்கிறது. கரைந்த வாயுவுக்கு இருபது மடங்கு பைகார்பனேட் இருந்தால் பிஎச் 7.4-இல் நிற்கும். விகிதத்தின் ஒரு முனை நுரையீரல் வசம், மறு முனை சிறுநீரகம் வசம். நுரையீரல் சில நிமிடங்களில் திருத்தும். சிறுநீரகம் சில நாட்கள் எடுத்துக்கொண்டு திருத்தும்.

நுரையீரலுக்கு எப்படித் தெரிகிறது? ஆக்சிஜன் குறைந்தால் மூச்சு வாங்கும் என்றுதான் பொதுவாக நம்புகிறோம். 1905-இல் ஜான் ஸ்காட் ஹால்டேனும் ஜே.ஜி. பிரீஸ்ட்லியும் (புதினாத் தண்டு பிரீஸ்ட்லி வேறு) ஓர் எளிய கருவி செய்தார்கள். நீளமான குழாயில் மூச்சை முழுவதும் ஊதி, கடைசியாக வரும் காற்றை மட்டும் பிடித்துச் சோதித்தார்கள். அதுதான் நுரையீரலின் ஆழத்தில் இருந்த காற்று. சுரங்கத்தின் அடியிலும் மலையுச்சியிலும் அதில் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் ஏறக்குறைய மாறாமல் இருந்தது. அந்த ஆழத்துக் காற்றில் அது வெறும் 0.2 அல்லது 0.3 சதவீதம் கூடினாலே நுரையீரலின் ஆழத்துக்குப் போய்வரும் காற்று இருமடங்கானது. மூச்சை நொடிக்கு நொடி நடத்துவது கரியமில வாயு. மூளைத்தண்டின் முன்பக்கத்தில் உள்ள உணர்செல்கள் அதைத்தான் கவனிக்கின்றன. இரத்தத்தின் அமிலம் மூளைக்குள் எளிதில் நுழைய முடியாது, இந்த வாயு நுழைந்துவிடும், நுழைந்து அங்கே அமிலமாகும். ஆக்சிஜனைக் கவனிக்கும் உணர்விகள் கழுத்துத் தமனியில் இருக்கின்றன. அது வெகுவாகக் குறைந்த பிறகே அவை உரக்கக் குரல் கொடுக்கும்.

ஹால்டேனின் மகன் ஜே.பி.எஸ். ஹால்டேன் பின்னாளில் இந்தியாவுக்கே வந்து குடியேறி, புவனேசுவரத்தில் 1964-இல் இறந்தார். இளவயதில் அவர் நவச்சாரம் எனப்படும் அம்மோனியம் குளோரைடைக் கரைத்துக் குடித்துத் தன் இரத்தத்தையே அமிலமாக்கிப் பார்த்தார். அமிலம் ஏற ஏற மூச்சிரைப்பும் ஏறியது. அப்பாவின் முடிவைத் தன் உடம்பிலேயே சரிபார்த்த பிள்ளை.

இதைப் படித்ததிலிருந்து கோடை விடுமுறைக்கு முன் வகுப்பில் தவறாமல் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் பம்புசெட் கிணறுகளில் இறங்கி, யார் அதிக நேரம் முங்கியிருப்பது என்று போட்டி போடுவார்கள். முங்குவதற்கு முன் வேக வேகமாக ஆழ்ந்து மூச்சிழுத்து விட்டால் அதிக நேரம் தாங்கலாம் என்ற உத்தி தலைமுறை தலைமுறையாகக் கைமாறுகிறது. அதனால் உள்ளே கூடுதல் ஆக்சிஜன் சேர்வது மிகக் குறைவு. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் ஏற்கெனவே 97, 98 சதவீதம் நிறைந்துதான் இருக்கிறது. குறைவது கரியமில வாயு மட்டுமே. மேலே வா என்று விரட்ட வேண்டிய அந்த வாயு தாமதமாகத்தான் பழைய அளவுக்கு ஏறும். அதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், திணறல்கூட இல்லாமல் நீருக்கடியில் நினைவு தப்பிவிடும். நன்றாக நீந்தத் தெரிந்த பிள்ளைகளே இதில் சாகிறார்கள். கழிவைத்தானே வெளியேற்றினேன், அதில் என்ன கேடு என்று ஒரு மாணவன் கேட்டான். அந்தக் கேள்விக்கு என் அட்டவணையும் பொறுப்பு.

அச்சத்தில் வேகமாக மூச்சு விடுகிறவர்களுக்கும் இதுவே நடக்கிறது. கரியமில வாயு குறையும்போது மூளைக்குப் போகும் இரத்தக்குழாய்கள் சுருங்கும். தலை சுற்றும், உதடும் விரல்களும் மரத்துப்போகும், கை கோணிக்கொள்ளும். காகிதப்பையில் மூச்சு விடச் சொல்லும் பழக்கம் இதனால் வந்ததுதான். ஆனால் மூச்சுவாங்கலுக்குக் காரணம் மாரடைப்போ ஆஸ்துமாவோ ஆக இருந்தால் பை உயிருக்கே தீங்காகும். வெளியே சொல்லப்படாத இன்னொரு வேலையும் இந்த வாயு செய்கிறது. கடினமாக உழைக்கும் தசையில் அது மிகும்போது, ஹீமோகுளோபின் தன் பிடியைத் தளர்த்தி அந்த இடத்தில் கூடுதல் ஆக்சிஜனை இறக்கிவிடுகிறது. இயற்பியலாளர் நீல்ஸ் போரின் தந்தை கிறிஸ்டியன் போர் 1904-இல் தன் குழுவினரோடு இதைக் கண்டார். எங்கே தேவையோ அங்கே ஆக்சிஜனை இறக்கச் சொல்வது கரியமில வாயுதான்.

என் உறவில் ஒரு பெண்குழந்தை, அப்போது ஏழாம் வகுப்பு. சில வாரங்களாக இளைத்துக்கொண்டே வந்தாள்; ஓயாமல் தண்ணீர் குடித்தாள்; இரவில் பலமுறை எழுந்து சிறுநீர் கழித்தாள். வளர்கிற வயது என்று எல்லோரும் இருந்துவிட்டோம். ஒருநாள் வாந்தி, அதன் பின் ஆழமாக, விடாமல், ஓடி வந்தவளைப் போல மூச்சு விட்டாள். முதலில் காட்டிய இடத்தில் வீசிங் என்று புகைமருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மூச்சு அப்படியேதான் இருந்தது. பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது, பணியில் இருந்த இளம் மருத்துவர் மார்பில் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, நுரையீரல் தெளிவாக இருக்கிறது என்று சொல்லி, விரல் நுனியில் குத்திச் சர்க்கரையைப் பார்த்தார். கருவி காட்டும் எல்லைக்கு மேலே இருந்தது.

முதல் வகை நீரிழிவு. இன்சுலின் இல்லாததால் சர்க்கரையைப் பயன்படுத்த முடியாத உடல் கொழுப்பை உடைக்கிறது, கல்லீரல் அதைக் கீட்டோன் அமிலங்களாக மாற்றுகிறது, இரத்தம் அமிலமாகிறது. பைகார்பனேட் செலவாகித் தீர்ந்துகொண்டே வர, விகிதத்தைக் காப்பாற்ற நுரையீரல் தன் முனையில் கார்பன் டை ஆக்சைடை இறைத்துத் தள்ளுகிறது. 40-இல் நிற்க வேண்டிய அழுத்தம் 20-க்கும் கீழே போகலாம். ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் குஸ்மால் 1874-இல் விவரித்த மூச்சு அது. அவள் விட்டது நோயுற்ற நுரையீரலின் மூச்சன்று. இரத்தத்தைக் காப்பாற்ற நுரையீரல் தன் சக்தி முழுவதையும் செலவிட்டுக்கொண்டிருந்த மூச்சு.

உப்பு நீரும் இன்சுலினும் ஏற்றினார்கள். பொட்டாசியத்தைப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தார்கள். கல்லீரல் கீட்டோன் செய்வது நின்றது, அமிலம் இறங்கியது, பைகார்பனேட் ஏறியது. அதற்கேற்ப மூச்சும் படிப்படியாக இறங்கியது. நுரையீரலுக்கென்று மருந்து எதுவும் தரப்படவில்லை. இப்போது அவள் கல்லூரிக்குப் போகிறாள், நாளுக்குப் பலமுறை இன்சுலின் போட்டுக்கொள்கிறாள். உங்கள் வீட்டுப் பிள்ளைக்குத் தாகமும் அடிக்கடி சிறுநீரும் இளைப்பும் சேர்ந்து வந்தால் அன்றே சர்க்கரையைப் பாருங்கள். அதோடு வாந்தியும் இப்படி ஆழ்ந்த மூச்சும் இருந்தால், மூச்சுக்கு மருந்து தேடி நேரத்தைக் கழிக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போய் முதலில் இரத்தச் சர்க்கரையைச் சோதிக்கச் சொல்லுங்கள்.